நோய் ஆட்டியதா, மருந்து ஆட்டியதா?

கொங்கு மருத்துவத் தடங்கள் – 14

கொங்கு நாட்டில் மனநல மருத்துவம் பார்க்கும் எவருக்கும் கேட்டுக் காது பழகிய முறையீடு ஒன்று உண்டு. மகனையோ தங்கச்சியையோ கூட்டி வந்தவர், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்ற கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு இதற்கு வந்து நிற்பார்: "மாத்தரை போட்டதுலருந்துதானுங்க கை இப்புடி ஆடுது. வாயி சும்மாவே மென்னுக்கிட்டுக் கெடக்குது. நிறுத்திப்போடலாமுங்களா?"

குற்றவாளி யார் என்பதில் அந்தக் குடும்பத்துக்கு ஐயமே இல்லை. மருத்துவ உலகமும் வெகுகாலம் ஏறக்குறைய அதே தீர்ப்பைத்தான் சொல்லி வந்தது. அதைத் திருத்த உதவிய சாட்சியங்களுள் முக்கியமான ஒன்று சென்னையிலிருந்து போனது. வழக்கின் தொடக்கமோ நம் மலையடிவாரங்களில் கேட்பாரற்றுக் கிடந்த இரண்டு செடிகளில் இருக்கிறது. காலரா, பிளேக் என்று ஆளைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோன நோய்களையே இத்தொடரில் இதுவரை பார்த்தோம். விரலும் உதடும் தம்பாட்டுக்கு ஆடும் கதை இந்த இதழில்.

முதல் செடி பூனைக்காலி. ஆனைமலைப் பக்கத்து வேலிகளில் ஏறிப் படரும் கொடி. காய்மேல் பொன்னிறச் சுணை. மேலே பட்டால் அன்றைக்கு முழுக்கச் சொறிச்சல்தான். சித்த மருத்துவர்கள் விதையைப் பாலில் வேகவைத்துச் சுத்தி செய்து, நரம்புத் தளர்ச்சிக்கும் ஆண்மைக் குறைவுக்கும் கொடுத்து வந்தார்கள். மலைக்குடிகள் சிலர் விதையைச் சோற்றுக்கு ஈடாகவே தின்றார்கள். ஆனால் வெறுமனே வேகவைத்துத் தின்பதில்லை. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி புதுத் தண்ணீரில் வேகவைப்பார்கள், அதையும் கொட்டுவார்கள். இப்படிப் பலமுறை. அவசரப்பட்டவருக்கு வாந்தியும் தலைக் கிறுகிறுப்பும் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் துறையில் ஜனார்த்தனனும் வடிவேலும் பின்னாளில் இந்த விதைகளின் சத்தையும் நச்சையும் அளந்து எழுதினார்கள். அவர்கள் கணக்கெடுத்த வேண்டாத பொருள்களில் ஒன்றின் பெயர் எல்-டோபா.

அந்தப் பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த தாமோதரனும் ராமசாமியும். ஆண்டு 1937. இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் வெளிவந்த நான்கு பக்கக் கட்டுரை அது. அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், ரோச் நிறுவனத்தின் குகன்ஹைம் என்பவர் அவரை இனத்து விதை ஒன்றிலிருந்து அதே பொருளை எடுத்திருந்தார். தானே விழுங்கிப் பார்த்து வாந்தி எடுத்தார் என்பதோடு அந்த ஆராய்ச்சி கிட்டத்தட்ட நின்றுபோனது. நம்மூர் விதையில் எடைக்கு நூற்றுக்கு நாலைந்து பங்கு இது இருந்தது. இயற்கையில் இவ்வளவு செறிவாகக் கிடைப்பது அபூர்வம். என்றாலும் சென்னைக் கட்டுரையை மருத்துவர் யாரும் எடுத்துப் படித்ததாகத் தெரியவில்லை. படித்திருந்தாலும் பயன் இராது. மூளையில் டோபமின் என்று ஒன்று இருப்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இரண்டாவது செடி சர்ப்பகந்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈர நிழலில் வளரும் சின்னப் புதர். பாம்புக் கடிக்கும் தூக்கமின்மைக்கும் அதன் வேரைக் கொடுத்தார்கள். பீகார் பக்கத்தில் அதற்குப் பெயரே பைத்தியத்துக்கான மருந்து. 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேர்ப்பொடி சித்தம் கலங்கியவர்களை அமைதிப்படுத்துகிறது, இரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டு டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் வேரின் காரப்பொருள்களைப் பிரித்து, ஒன்றுக்குத் தம் புரவலர் ஹக்கீம் அஜ்மல் கான் பெயரை வைத்தார்கள். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் இரத்தக்கொதிப்பு நோயாளிகள் 50 பேரின் கணக்கைப் பிரிட்டிஷ் இதய இதழில் வெளியிட்ட பிறகுதான் மேற்கு திரும்பிப் பார்த்தது. பாசெலில் இருந்த சீபா நிறுவனம் 1952இல் வேரின் சாரத்தைத் தனிப்பொருளாக எடுத்தது. அதுதான் ரெசெர்பின். இரண்டாண்டில் நியூயார்க்கின் ராக்லண்ட் மனநல மருத்துவமனையில் நேதன் கிளைன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை எழுதினார். காட்டில் வேரோடு பிடுங்கிப் பிடுங்கியே செடி அருகிவிட்டது. 1990இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று.

ரெசெர்பின் தின்ற நோயாளிகள் அமைதியானார்கள். சிலர் அளவுக்கு மீறி அமைதியானார்கள். முகத்தில் உணர்ச்சி போயிற்று, கை கால் விறைத்தது, விரல் நடுங்கியது, நடை சின்னச் சின்ன அடியாகக் குறுகியது. நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய், அறுபது வயதுக்கு மேல் மெல்ல வருவது என்று பாடம் படித்திருந்த மருத்துவர்கள், இருபத்தைந்து வயதுக்காரர்களிடம் சில வாரங்களில் அதே உருவத்தைக் கண்டு திகைத்தார்கள்.

காரணத்தைக் காட்டியவர் சுவீடனின் அர்விட் கார்ல்சன். 1957இல் முயல்களுக்கு ரெசெர்பின் ஊசி போட்டார். காது தொங்கி, அசையாமல் கிடந்தன. பிறகு எல்-டோபாவை ஏற்றினார். சில நிமிடங்களில் முயல்கள் எழுந்து நடமாடின. மூளைக்குள் போன எல்-டோபா டோபமினாக மாறுகிறது. ரெசெர்பின் அந்த டோபமினைச் சேமித்து வைக்க விடாமல் காலி செய்கிறது. சர்ப்பகந்தி வேர் பறித்ததைப் பூனைக்காலி விதையில் இருப்பது திருப்பிக் கொடுத்தது என்று நம் ஊர்க்காரர் யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம். கார்ல்சனுக்கு இந்த வேலைக்காக 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. வியன்னாவில் ஹார்னிகீவிச் 1960இல் நடுக்குவாதத்தில் இறந்தவர்களின் மூளையைச் சோதித்து, உடலசைவை ஆளும் உட்பகுதியில் டோபமின் வற்றிக் கிடப்பதைக் காட்டினார். மறு ஆண்டே அவரும் பிர்க்மாயரும் நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட, படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் அதை வாய்வழியாகப் பெரிய அளவில் கொடுத்து அன்றாட மருந்தாக்கினார். கூடவே ஒரு தொல்லை வந்தது. விறைத்துக் கிடந்த உடம்பு, மருந்து மிஞ்சியபோது நெளிந்து வளைந்து கூத்தாடத் தொடங்கியது.

காளிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை காயும், மிஞ்சினால் கரை உடையும். டோபமின் கணக்கும் ஏறத்தாழ அதுவே. குறைந்தால் விறைப்பும் நடுக்கமும். கூடினால் வேண்டாத ஆட்டம்.

கூட்டுகிற மருந்துகளின் கதையும் வினோதமாக 1937இலேயே தொடங்குகிறது. சென்னையில் தாமோதரன் விதையை அரைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டு, அமெரிக்காவின் ரோட் தீவில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் ஓரிடத்தில் நிலைகொள்ளாத 30 குழந்தைகளுக்கு ஆம்பெடமின் வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ஊக்கி மருந்து துள்ளும் குழந்தையை மேலும் துள்ள வைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பாதிப் பேர் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். 1944இல் சீபாவின் வேதியியலாளர் பனிட்சோன், மெத்தில்பெனிடேட் என்ற இன்னொரு ஊக்கியைச் செய்தார். மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயரான ரீட்டாவை வைத்து அது ரிட்டலின் ஆயிற்று. ரெசெர்பினை எடுத்த அதே சீபா, அதே பாசெல். டோபமினைக் காலி செய்யும் பொருளும் பெருக்கும் பொருளும் ஒரே நிறுவனத்துக் கிடங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அன்றைக்கு அவர்களுக்கே அது தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை.

ஊக்கி மருந்தை அளவுக்கு மேல் தின்றால் என்ன ஆகும்? பெல்ஜியத்தின் பால் யான்சென் பின்னாளில் ஒரு கதை சொல்வார். அந்த நாட்டில் சைக்கிள் பந்தயம் என்றால் நமக்குக் கபடி மாதிரி, ஊருக்கு ஊர் வெறி. களைப்புத் தெரியாமல் மிதிக்க வீரர்கள் ஆம்பெடமின் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் சிலர் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், யாரோ துரத்துவதாகப் பயந்தார்கள். பார்ப்பதற்கு மனச்சிதைவு நோயாளியைப் போலவே இருந்தார்கள். எலிக்கு ஆம்பெடமின் கொடுத்தாலும் இதே கதை: ஓயாமல் மோப்பம் பிடிக்கும், கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துகிற பொருள் மனச்சிதைவையும் நிறுத்தக்கூடும் என்று யான்சென் கணக்குப் போட்டார். 1958 பிப்ரவரியில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஹாலோபெரிடால் அந்தக் கணக்கை மெய்யாக்கியது. இன்றைக்கும் நம் அரசு மருத்துவமனை மருந்தகங்களில் இருக்கும் மாத்திரை அது. மனநோய் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் தராசாகவே ஊக்கி மருந்தின் ஆட்டம் ஆனது என்ற இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மனத்தின் மருந்து, அசைவின் மருந்து என்று இரண்டு தனிப் பாதைகள் எப்போதுமே இருந்ததில்லை.

ஜில் த லா டூரெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1885இல் விவரித்த நோய் ஒன்று உண்டு: கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டைக் கனைப்பு, சிலருக்குக் கட்டுப்படாத கெட்ட வார்த்தை. எழுபது எண்பது ஆண்டுகள் அதை வளர்ப்புக் குறை, மனக்குறை என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். 1961இல் ஹாலோபெரிடால் அதை அடக்கியது. தாயைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் மெல்ல வாயை மூடினார்கள்.

இனி மருந்தின் மறுபக்கம். குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து 1952இல் பாரிஸ் மனநல விடுதியில் நுழைந்தது. இரண்டே ஆண்டில் லோசானின் ஹான்ஸ் ஸ்டெக், நோயாளிகள் நடுக்குவாதக்காரர்களைப் போல ஆகிறார்கள் என்று எழுதினார். பலர் அதைக் கெட்ட செய்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஜெர்மனியின் ஹாசே என்பவர் நோயாளியை நாள்தோறும் எழுதச் சொல்லுவார். கையெழுத்து சுருங்கத் தொடங்கினால் மருந்து சரியான அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள் கொண்டார். உடம்பு விறைக்காமல் மனம் தெளியாது என்ற நம்பிக்கை ஒரு தலைமுறையை ஆண்டது. பின்னால் மூளையைப் படம் பிடிக்கும் கருவி வந்து அதைக் கலைத்தது. ஹாலோபெரிடால், மூளையில் டோபமினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் சுமார் 65 விழுக்காட்டை அடைத்தாலே மனம் தெளியத் தொடங்குகிறது. சுமார் 78 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் விறைப்பு வருகிறது என்று டொராண்டோவின் கபூரும் கூட்டாளிகளும் 2000இல் காட்டினார்கள். இடைவெளி குறுகல். ஆனாலும் இருக்கிறது. அதுவரை எத்தனை ஆயிரம் பேர் தேவைக்கு மேல் மருந்து தின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

விறைப்பும் நடுக்கமும் அளவைக் குறைத்தால் போகும். 1957இல் ஜெர்மனியின் ஷோனெக்கர் வேறொன்றைப் பார்த்தார். வயதான பெண்கள் சிலருக்கு உதடும் நாக்கும் சப்புக்கொட்டுவது போல் ஓயாமல் அசைந்தன. மருந்தை நிறுத்தியும் நிற்கவில்லை. டென்மார்க்கின் ஃபோர்பையும் கூட்டாளிகளும் 1964இல் இதற்கு டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயரிட்டார்கள். தாமதமாக வரும் கோணல் அசைவு. பழைய வகை மருந்துகளைத் தின்னும் பெரியவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஐந்து பேருக்கு இது புதிதாக வருகிறது என்று பின்னாளில் தெரிந்தது. ஏற்பிகளை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தால் அவை பட்டினி கிடந்து கூர்மையடைந்து, கிடைக்கிற கொஞ்ச டோபமினுக்கே துள்ளுகின்றன என்பது வெகுகாலம் சொல்லப்பட்ட விளக்கம். அது முழுக் கதையா என்பதில் இன்னும் விவாதம் உண்டு. ஆனால் கண்ணால் காணும் ஒன்றை அது விளக்கியது: மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஆட்டம் சிலருக்குக் குறைவதில்லை, கூடுகிறது. "நிறுத்திப்போடலாமுங்களா" என்று கேட்பவரிடம் மருத்துவர் தயங்குவதற்கு, நோய் திரும்பிவிடும் என்பதோடு, இதுவும் காரணம்.

எல்லாம் மருந்துக்கு எதிராகவே கூடி வந்தன. ஒரு நெருடல் மட்டும் இருந்தது. இந்த மருந்துகள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, ஜெர்மனியின் கிரெப்பலின் தம் மனச்சிதைவு நோயாளிகளின் முகச்சுளிப்பையும் நாக்கு நெளிவையும் எழுதி வைத்திருந்தார். 1982இல் இங்கிலாந்தின் ஷென்லி மருத்துவமனையில் 411 நாள்பட்ட நோயாளிகளைச் சோதித்தவர்கள், எந்த மருந்தும் தொடாத 47 பேரிடமும் இந்த அசைவுகள் ஏறக்குறைய அதே அளவில் இருப்பதைக் கண்டார்கள். மறுப்பும் உடனே வந்தது: அவர்கள் பத்தாண்டுக்கணக்கில் விடுதிச் சுவருக்குள் கிடந்தவர்கள், அவர்களை வைத்து என்ன முடிவு சொல்வது? மருந்து படாத நோயாளி, அதுவும் வீட்டில் வாழ்கிறவர் வேண்டும். அப்படிப்பட்டவர் ஐரோப்பாவில் கிடைக்கமாட்டார்.

தமிழ்நாட்டில் கிடைப்பார். இதைப் பெருமையாகச் சொல்ல வழியில்லை.

சாரதா மேனன் என்ற பெயரை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்தார். குணமாகி வெளியே போனவர்களை வீடும் ஊரும் ஏற்காமல் மறுபடி வாசலில் கொண்டுவந்து விடுவதைப் பார்த்துச் சலித்து, ஓய்வுக்குப் பின் 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். தாரா, பத்மாவதி போன்றவர்கள் அங்கே வீடு வீடாக, தெருத் தெருவாகப் போய் நோயாளிகளைக் கண்டறியும் வேலையைக் கட்டி எழுப்பினார்கள். ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரிலிருந்து ராபின் மெக்ரீடி என்ற மருத்துவர் அவர்களோடு சேர்ந்தார். 1996இல் பிரிட்டிஷ் உளமருத்துவ இதழில் அவர்களின் கட்டுரை வந்தது. எழுதியோர் வரிசையில் சாரதா மேனனும் உண்டு.

மொத்தம் 308 பேரைச் சோதித்தார்கள். நோயற்ற முதியவர்கள் 101 பேர். நோயாளிகளின் இரத்த உறவினர்கள் 103 பேர். மருந்து எடுத்துவந்த நோயாளிகள் 83 பேர். மருந்தே தொடாத மனச்சிதைவு நோயாளிகள் 21 பேர், சராசரி வயது 65. அறுபத்தைந்து வயது வரை ஒரு மாத்திரைகூடக் கிடைக்காதவர்கள்! தானாக வரும் கோணல் அசைவு, நோயற்றவர்களிலும் உறவினர்களிலும் நூற்றுக்கு 15 பேருக்கு. மருந்து எடுத்தவர்களில் 41 பேருக்கு. மருந்தே தொடாதவர்களில் 38 பேருக்கு. விறைப்பும் நடுக்கமும் அதே வரிசையில் 6, 11, 36, 24. இருப்புக் கொள்ளாமல் கால் தரிக்காத நிலை மருந்து எடுத்தவர்களில் 23, எடுக்காதவர்களில் 21.

21 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. மருந்து எடுத்தவர்களைவிட அவர்களுக்குச் சராசரியில் எட்டு வயது கூட, வயது ஏற ஏற இந்த அசைவுகளும் ஏறும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் விறைப்பில்தான் மருந்தின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. வாயசைவில் நோயின் பங்கை மறுக்க முடியவில்லை. 2002இல் இதே குழு, மருந்து தொடாதவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, கோணல் அசைவு உள்ளவர்களிடம் அசைவை ஆளும் லென்டிஃபார்ம் உட்கரு பெரிதாக இருப்பதாக அமெரிக்க இதழில் எழுதியது. மனச்சிதைவு மனத்தோடு நிற்பதில்லை. அசைவின் இருப்பிடத்தையும் தொடுகிறது. மருந்து ஏற்கெனவே அசையத் தயாராக இருந்த இடத்தில் போய் உட்காருகிறது.

என்னை உறுத்துவது வேறு. இந்த அறிவு நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், நம் நோயாளிகளுக்குச் சிகிச்சை கிடைக்காதது. கொங்கில் மட்டும் வேறாக இருந்ததா என்ன? சித்தம் கலங்கியவரைக் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைப்பது இங்கே பல குடும்பங்களின் முதல் சிகிச்சை. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பெங்களூர் மருத்துவர் ரகுராமும் கூட்டாளிகளும் பின்தொடர்ந்து, மருந்தில்லாமலே மனக்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததாக 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதைப் படித்துச் சிரித்த மருத்துவர்களும் உண்டு; கோயில் திண்ணையில் கிடைக்கும் பரிவை நம் வார்டுகளில் கொடுத்துப் பார்த்துவிட்டு அவர்கள் சிரிக்கலாம். ஆனால் கோயிலிலிருந்து வீட்டுக்குப் போய், இருபது முப்பது வருடம் பின்கட்டு அறையில் கழித்தவர்களும் உண்டு. சென்னைக்காரர்கள் கண்டெடுத்தது அவர்களைப் போன்றவர்களை.

ஆட்டத்துக்கு என்ன மருந்து? இங்கே பாசெல் மறுபடி வருகிறது. ரெசெர்பின் செய்வதையே குறுகிய நேரத்துக்கு, இரத்த அழுத்தத்தை அவ்வளவாகக் கெடுக்காமல் செய்யும் டெட்ராபெனசினை ரோச் நிறுவனம் 1950களில் உருவாக்கியது. டோபமினைச் சேமிக்கும் வாசலை அது மூடுகிறது. அமெரிக்கா 2008இல் அதை ஹண்டிங்டன் நோயின் ஆட்டத்துக்கு அனுமதித்தது. அதன் வழிவந்த வால்பெனசின், டியூட்ராபெனசின் இரண்டும் 2017இல் டார்டிவ் டிஸ்கைனீசியாவுக்கென்றே முதன்முதலாக அங்கே அனுமதி பெற்றன. நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் எளிய வழிகள்: அளவைக் குறைப்பது, ஆட்டம் குறைவாகத் தரும் குளோசபின் போன்ற மருந்துக்கு மாற்றுவது. பேசிடேன் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் உதவும். வாயசைவை அது கூட்டவே செய்யும். நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், நரம்புக்கு நல்லது என்று. லண்டனில் 2004இல் எட்டு நடுக்குவாத நோயாளிகளுக்கு 30 கிராம் பொடியைக் கொடுத்துப் பார்த்தபோது, அது மாத்திரையைவிட வேகமாக வேலை செய்தது மெய்தான். ஆனால் அது நடுக்குவாதம். மனச்சிதைவு மருந்தால் வந்த நடுக்கத்தில் ஏற்பிகளே அடைபட்டிருக்கின்றன. டோபமினைக் கூட்டினால் நடுக்கம் அசையாது, குரல் கேட்பதும் சந்தேகமும்தான் திரும்பி வரும்.

குழந்தைகள் விஷயத்தில் பயம் எதிர்த் திசையில் இருந்து வந்தது. கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைக்கு மெத்தில்பெனிடேட் கொடுத்தால் கண் சிமிட்டலும் தோள் குலுக்கலும் கிளம்பும் என்று பல ஆண்டுகள் அஞ்சினார்கள். டோபமின் கணக்குப்படி அப்படித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் இரண்டு தொல்லையும் உள்ள 136 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. மெத்தில்பெனிடேட் எடுத்தவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு வெட்டு அசைவுகள் கூடின. ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 22 பேருக்கு. அந்த அசைவுகள் தாமாகவே வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குபவை. ஏறிய வாரத்தில் எந்த மாத்திரை கையில் இருந்ததோ அதன்மேல் பழி விழுந்திருக்கிறது. தனிப்பட்ட சில பிள்ளைகளுக்கு மருந்தால் கூடுவதும் உண்டு என்பதால் மருத்துவர்கள் இன்னும் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். இந்தியாவில் அது எக்ஸ் அட்டவணை மருந்து, சீட்டின் நகலைக் கடைக்காரர் எடுத்து வைக்க வேண்டும். கோவையிலேயே எல்லாக் கடையிலும் கிடைக்காது. சிக்கல் அதிகம் வருவது ஏற்பியை அடைக்கும் மருந்தும் ஊக்கி மருந்தும் ஒரு பிள்ளைக்குள் சேரும்போது. மூர்க்கத்துக்கு ரிஸ்பெரிடோன் எடுத்துவந்த பிள்ளைக்கு அதைச் சட்டென்று நிறுத்தி ஊக்கி மருந்தைத் தொடங்கினால், அடைபட்டிருந்த ஏற்பிகள் திறந்த நேரத்தில் டோபமின் வந்து பாய்கிறது. கழுத்து திருகி, கை நெளிந்து, இரவில் அவசரப் பிரிவுக்கு ஓடிய பிள்ளைகளின் விவரங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

எனவே முதல் மாத்திரைக்கு முன்பே பார்த்து எழுதி வைப்பது என்ற வழக்கம் வந்தது. 1976இல் அமெரிக்க மனநல நிறுவனம் வெளியிட்ட எய்ம்ஸ் என்ற 12 கேள்வி அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மெக்ரீடியும் தாராவும் பயன்படுத்தியது இதைத்தான். பத்து நிமிட வேலை, கருவி எதுவும் வேண்டாம். செருப்பைக் கழற்றச் சொல்லி, கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்காரவைத்து, வாயைத் திறக்க, நாக்கை நீட்ட, கட்டைவிரலால் மற்ற விரல்களை வரிசையாகத் தொட, எழுந்து நாலடி நடக்கச் சொல்வார்கள். வாயில் ஏதாவது மெல்கிறாரா, பல் கட்டியிருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வெற்றிலை பாக்கும் பொக்கை வாயும் சாதாரணமான நம் ஊர்ப் பெரியவர்களிடம் இந்தக் கேள்வியைத் தவறவிட்டால் கணக்கே தப்பாகிவிடும். சென்னையில் நோயற்ற முதியவர்களிலேயே நூற்றுக்கு 15 பேருக்கு அசைவு இருந்ததே. மருந்து தொடங்கிய தேதிக்கு முந்தைய அந்த ஒரு தாள் நோட்டில் இருந்தால், இரண்டு வருடம் கழித்து "மாத்தரையாலதானுங்க" என்று அண்ணன் கேட்கும்போது, மருத்துவர் பக்கத்தைப் புரட்டி அவருக்கே காட்டலாம்.